இரண்டு கோடுகள் பிரிந்தால் அது ஸ்பின் கிளாஸ் ஆகிவிடாது

போன வாரம் மறுபடியும் ஒரு மாணவி அதே மாதிரி காந்தமாக்கம்–வெப்பநிலை வரைபடத்தோடு வந்தார். ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு வகைக் காந்தப்பொருள்) நானோதுகள்கள். காந்தப்புலம் இல்லாமல் குளிர்வித்து எடுத்த இசட்.எஃப்.சி. கோடும், புலத்திலேயே குளிர்வித்து எடுத்த எஃப்.சி. கோடும் தாழ்வெப்பநிலையில் பிரிந்து நின்றன. "ஸ்பின் கிளாஸ்னு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிட்டோம் சார். எப்படித் தெரியும்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் காந்தமானியின் முன்னால் உட்கார்ந்து இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது?

ஸ்பின் கிளாஸ் என்றால், அணுக்களின் குட்டிக் காந்தங்கள் திசை ஒழுங்கில்லாமல், ஆனால் ஒன்றையொன்று பாதித்து எல்லாம் சேர்ந்து உறைந்துபோன பொருள். கோடுகள் பிரிந்தால் ஒன்றுதான் நிச்சயம்: நீங்கள் அளந்து முடிப்பதற்குள் மாதிரி சமநிலைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நானோதுகள்கள் ஒவ்வொன்றாகக் காந்தத் திசை திரும்ப முடியாமல் தடைபட்டு நின்றாலும் பிரியும். சாதாரண ஃபெரோகாந்தத்திலும் பிரியும். கோயர்சிவிட்டி (காந்தத்தன்மையை அழிக்கத் தேவையான எதிர்ப்புலம்) 500 எர்ஸ்டெட் உள்ள பொருளை 100 எர்ஸ்டெட்டில் அளந்தால் பிரியாமல் என்ன செய்யும்? "எஃப்.சி. கோடு கீழே தட்டையாக இருக்கிறதே" என்பார்கள். ஸ்பின் கிளாஸில் அது ஏறக்குறைய தட்டையாகத்தான் இருக்கும், தனித்தனித் துகள்களில் குளிரக் குளிர ஏறும். உண்மைதான். ஆனால் நெருக்கமாக அடைந்த துகள்களிலும் தட்டையாகலாம். ஆகவே பிரிவு சாட்சியல்ல. பிரிவோடு தட்டையும் சேர்ந்தாலும் அது சந்தேகம் மட்டுமே.

புலத்தின் அளவையும் கவனியுங்கள். இயற்பியலாளர்கள் கேனெல்லாவும் மைடோஷும் 1972-இல் தங்கம்-இரும்புக் கலவையின் ஏற்புத்திறன் கோட்டில் கூர்மையான முனையைக் கண்டது மிகச் சிறிய மாறுபுலத்தில் அளந்ததால். சில நூறு எர்ஸ்டெட் போட்டாலே முனை மழுங்கிவிடும். 1 டெஸ்லாவில் அளந்துவிட்டு "அகலமான மேடு வருகிறது" என்று என்னிடம் காட்டாதீர்கள். பிரியும் வெப்பநிலை புலத்தின் 2/3 அடுக்குக்கு ஏற்ப இறங்குகிறது, டி அல்மெய்டா–தௌலஸ் கோடு (புலத்தில் ஸ்பின் கிளாஸ் எங்கே உறையும் என்று கோட்பாடு சொல்லும் எல்லை) கிடைத்துவிட்டது என்று மூன்றே புள்ளிகளில் கோடு இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தடைபடும் துகள்களிலும் அதே அடுக்கு வருவதுண்டு. முப்பரிமாணப் பொருளில் அந்தக் கோடு உண்மையிலேயே இருக்கிறதா என்ற வாதமே இன்னும் ஓயவில்லை.

மாறுபுல ஏற்புத்திறனை (அலையும் சிறு புலத்துக்கு மாதிரி எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவை) எடுங்கள். அதிர்வெண் பத்து மடங்கு ஏறும்போது முனை தன் வெப்பநிலையில் எத்தனை பங்கு நகர்கிறது என்று பாருங்கள். செம்பு-மாங்கனீஸில் அது சுமார் 0.005, தங்கம்-இரும்பில் 0.01. தொடர்பற்ற துகள்களில் 0.1-உம் அதற்கு மேலும் வரும். 20 கெல்வினில் முனை உள்ள செம்பு-மாங்கனீஸ் மாதிரியை 10 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனால் மொத்த நகர்வே 0.3 கெல்வின். 1 கெல்வின் இடைவெளியில் புள்ளி எடுத்தால் அது எங்கே தெரியும்? நேரம் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

அந்த மாணவியின் இசட்.எஃப்.சி. கோடு 5 கெல்வினில் சுழிக்குக் கீழே தொடங்கியது. அதற்கு ஒரு பத்தி விளக்கமும் எழுதியிருந்தார். நான் கருவியின் பதிவேட்டைப் புரட்டினேன். அதற்கு முந்தைய அளவீடு 7 டெஸ்லா வரை போயிருந்தது. மீகடத்திக் காந்தத்தில் காந்தப் பாயம் சிக்கிக்கொள்ளும். திரையில் 0 என்று இருந்தாலும் மாதிரியின் மேல் பத்து, இருபது எர்ஸ்டெட் எதிர்ப்புலம் இருக்கக்கூடும். அப்போது நீங்கள் செய்தது புலமின்றிக் குளிர்வித்தலே அல்ல. தயவுசெய்து புலத்தை அலைவு முறையில், அதாவது திசை மாற்றி மாற்றிக் குறைத்து, சுழிக்கு இறக்குங்கள். காந்தத்தை மீட்டமைத்து, பல்லேடியம் மாதிரியை வைத்து மிச்சப்புலத்தைச் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் மாதிரி உள்ளே போக வேண்டும்.

குளிர்வித்த வேகம், புலம் போடும் முன் காத்திருந்த நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். ஸ்பின் கிளாஸுக்கு வயதாகும். 10 நிமிடம் காத்திருந்த மாதிரியும் 3 மணி நேரம் காத்திருந்த மாதிரியும் வேறு வேறு விதமாகத் தளரும், தளர்வின் வேகம் ஏறக்குறைய காத்திருந்த நேரத்தை ஒட்டியே உச்சம் தொடும். இதை வைத்தே நினைவுச் சோதனை செய்யலாம். புலமில்லாமல் குளிர்விக்கும்போது ஸ்பின்கள் உறையும் வெப்பநிலைக்குக் கீழே ஓரிடத்தில் சில மணி நேரம் நிறுத்துங்கள், பிறகு அடிவரை இறக்கி, சிறு புலம் போட்டுச் சூடாக்குங்கள். நிறுத்திய அதே இடத்தில் கோடு குழிந்தால் பேசலாம். புலத்தோடு குளிர்விக்கும்போது தெரியும் நினைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தனித்துகள்களும் அதைக் காட்டும்.

மாணவியின் மாதிரியை மறுபடி அளந்தோம். மிச்சப்புலத்தை நீக்கியதும் கோடு சுழிக்கு மேலே வந்துவிட்டது. 40 கெல்வினில் இருந்த முனை, அதிர்வெண் ஆயிரம் மடங்கு ஏறியபோது 12 கெல்வின் நகர்ந்தது. விகிதம் 0.1. இப்போது தலைப்பிலிருந்து 'ஸ்பின் கிளாஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, துகள்களின் அளவுப் பரவலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.