கதிரலைத் தாரை: ‘ரேடியோ ஜெட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அக்கா மகள் ஒரு அறிவியல் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். “மாமா, ‘வானொலி ஜெட்’டுன்னு போட்டிருக்கு. வானொலின்னா பாட்டு கேக்கறது, ஜெட்டுன்னா பிளேன். ரெண்டும் வானத்துல எப்படி ஒண்ணாச்சு?” அவள் குழம்பியதில் தப்பே இல்லை. இரண்டு சொல்லும் சேர்ந்து அவளை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தன.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லையில் தென்னைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தேன். காலடியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. “இதுதான் ஜெட்” என்றேன்.

ஆங்கில ‘ஜெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘எறிதல்’ என்று பொருள். அதற்கும் வேர் லத்தீன். விமானம் பிற்பாடு வந்தது. சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்சி முன்னே போவதால் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வானத்தில் இந்தச் சொல் எப்படி நுழைந்தது? 1918-இல் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்ட்டிஸ், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து விசித்திரமான நேர்கோடு ஒன்று கிளம்புவதைக் குறித்து வைத்தார். அவர் அதைக் ‘கதிர்’ என்றுதான் எழுதினார். ‘ஜெட்’ என்ற பெயர் 1950-களில்தான் வந்தது. எம்87 நம்மிடமிருந்து சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் மையத்தில் 650 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை. 2019-இல் உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படம் அதனுடையதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கருந்துளைக்குள் போனது திரும்பி வருவதில்லை. உள்ளே விழுமுன் வாயு அதைச் சுற்றித் தட்டுபோலச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் காந்தப்புலம் கயிறாக முறுக்கிக்கொண்டு, வாயுவின் ஒரு பகுதியை இரண்டு துருவப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. பைப் வாயில் என் கட்டைவிரல் செய்த வேலையை அங்கே காந்தப்புலம் செய்கிறது. வேகம் கிட்டத்தட்ட ஒளியின் வேகம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தாரை’ என்று எழுதுகிறார்கள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது என்கிறோம், கல்யாணத்தில் தாரை வார்க்கிறோம். அறாமல் ஒழுகும் நீர்க்கோடு என்பது பொருள். வடமொழி ‘தாரா’விலிருந்து வந்தாலும் நம் வீட்டுச் சடங்கிலேயே கலந்துவிட்ட சொல் அது. ஆனால் ஒரு குறை: தாரை தானாக வழியும். அதில் உந்தித் தள்ளுவது தெரியவில்லை.

அந்த உந்தலைச் சொல்ல நம்மிடம் அருமையான வினை இருக்கிறது: பீச்சுதல். மடியிலிருந்து பால் பீச்சுவதும் பீச்சாங்குழலும் நினைவுக்கு வரும். குறுகிய வாய், உள்ளே அழுத்தம், வெளியே மெல்லிய நீண்ட கோடு. ஜெட்டின் இலக்கணமே இதுதான். அதனால் பெயர்ச்சொல்லுக்குத் தாரை, வினைக்குப் பீச்சுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ‘எம்87 ஒரு தாரையைப் பீச்சுகிறது.’ கேட்டவுடன் புரிகிறது.

அப்புறம் ‘ரேடியோ’. இதை வானொலி என்று பெயர்ப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். அங்கே ஒலியே இல்லை. தாரையில் உள்ள எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடும்போது விடும் அலை அது, ஒளியின் உறவுக்காரன். ரேடியோ என்ற சொல்லின் வேரான லத்தீன் ‘ரேடியஸ்’ஸுக்குச் சக்கரத்தின் ஆரம், ஒளிக்கதிர் என்று பொருள். ஆகவே ‘கதிரலை’ பொருந்துகிறது. நெற்கதிர், சூரியக்கதிர் என்று ஒரே சொல்லைப் புழங்கும் நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

தாரை முடியும் இடத்துக்கும் பெயர் வேண்டும். 1953-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜெனிசனும், இந்தியரான மிருணாள் குமார் தாஸ்குப்தாவும், வானத்தில் கதிரலை கிளம்பும் இடமான சிக்னஸ் ஏ ஒரே பொட்டல்ல, இரண்டு பொட்டு என்று கண்டார்கள். நடுவில் விண்மீன் மண்டலம், இரு பக்கமும் பெரிய வீக்கம். தாரை வெளியில் உள்ள மெல்லிய வாயுவில் முட்டி, வேகம் இழந்து, விரிந்து தேங்கும் இடம் அது. மலையிடுக்கில் குறுகிப் பாயும் காவிரி சமவெளிக்கு வந்து, சரிவு குறைந்ததும் கிளை கிளையாகப் பிரிந்து வண்டலை விடுகிறதே, ஏறக்குறைய அப்படி. அந்த வீக்கத்தை ஆங்கிலத்தில் ‘லோப்’ என்பார்கள். காதின் கீழ்மடலுக்கும் அதே சொல்தான். ஆகவே நமக்கு ‘மடல்’ போதும். வாழை மடல் உரித்த கைக்கு அந்நியமான சொல் இல்லை. 2024-இல் அறிவித்த போர்ஃபிரியன் என்ற தாரை இணை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 2.3 கோடி ஒளியாண்டு நீளம்.

தாரை பீச்சுவது பெரிய மண்டலங்கள் மட்டும் அல்ல. நம் பால்வீதிக்குள்ளேயே எஸ்எஸ் 433 என்ற இரட்டை விண்மீன் ஒளியின் வேகத்தில் கால் பங்குக்குச் சற்று மேலான வேகத்தில் பீச்சுகிறது. இப்போதுதான் பிறக்கும் குழந்தை விண்மீன்களும் பீச்சுகின்றன. அவற்றின் தாரையை வெறும் ‘தாரை’ என்றும், கதிரலையில் பார்க்கும்போது ‘கதிரலைத் தாரை’ என்றும் எழுதினால் குழப்பம் வராது. ஜெட் விமானம் மட்டும் ஜெட் விமானமாகவே இருக்கட்டும். அது ஊரெல்லாம் பழகிய சொல்.