கொலஸ்ட்ரால் குறைந்தால் கல்லீரலையும் கேளுங்கள்

போன வாரமும் கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். கண் மஞ்சள், கால் வீக்கம், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு வயிறு. பல வருடமாகச் சாயங்காலமானால் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர். மனைவி ரிப்போர்ட்டை நீட்டி, "கொலஸ்ட்ரால் மட்டும் நல்லா இருக்கு டாக்டர். போன வருஷம் 210, இப்ப 96" என்றார். லேபும் அதற்கு எதிரே 'நார்மல்' என்றே அச்சடித்திருந்தது. இன்னும் எத்தனை பேர் இதைச் சொல்லிக்கொண்டு வரப்போகிறார்கள்?

கொலஸ்ட்ரால் எண்ணெயிலிருந்தும் முட்டையிலிருந்தும் மட்டும் வருவதில்லை. பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. எல்.சி.ஏ.டி என்ற நொதியையும் கல்லீரல்தான் செய்து ரத்தத்தில் விடுகிறது. எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அது) துகள்களில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்பிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிரித்துக் கொலஸ்ட்ராலோடு இணைப்பது இதன் வேலை. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் சுமார் 70 சதவீதக் கொலஸ்ட்ரால் இப்படி இணைந்ததுதான். கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் சிரோசிஸ் முற்றினால் நொதி குறையும், இணைந்த கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்லும் குறையும், மொத்த எண்ணும் இறங்கும். பத்தியம் இருந்து இறக்கிய எண் இல்லை இது. செய்யும் இடமே படுத்துவிட்டது.

இணையாமல் மிஞ்சும் கொலஸ்ட்ரால் சிவப்பணுக்களின் சவ்வில் ஏறிக்கொள்ளும். ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த அணுக்கள் நடுவில் புள்ளி வைத்த வளையங்களாகத் தெரியும். நோய் மோசமானால் முள் முளைத்த அணுக்கள் வரும். அவை மண்ணீரலில் சீக்கிரம் அழிந்து சோகையும் சேரும். பித்தக்குழாய் அடைத்த காமாலையில் நேர் எதிர், அங்கே கொலஸ்ட்ரால் ஏறும்.

எல்.சி.ஏ.டி பரிசோதனை கேட்டு லேப் லேபாக அலையாதீர்கள். சாதாரண லேபில் செய்வதில்லை, தேவையும் இல்லை. காமாலை அளவைக் காட்டும் பிலிருபின், கல்லீரல் செய்யும் புரதமான அல்புமின், ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர், ஹெபடைடிஸ் பி, சி, ஒரு வயிற்று ஸ்கேன். ஆரம்பத்துக்கு இவை போதும்.

மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையே இல்லாமல் மளமளவென்று இறங்கினால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமானாலும், சரியாகச் சாப்பிடாமல் இளைத்தாலும் இறங்கும், அதையும் அவர் பார்ப்பார்.

தினமும் குடிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் பல வருடம் நிறையக் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள், நாங்கள் பார்த்து நிறுத்துகிறோம். ரத்த வாந்தியோ தார் போல் கறுப்பு மலமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே கிளம்புங்கள்.