துணி காயாத ஊரில் உடம்பும் காயாது

ஏப்ரல் மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில் காலையில் விரித்த சாரம் பின்னேரமாகியும் ஓரங்களில் ஈரமாகவே தொங்கும். வெப்பமானியைப் பார்த்தால் 31 பாகை செல்சியஸ்தான். தில்லியில் மே மாத நண்பகல் 42 பாகையைத் தொடும். அங்கே அதே சாரம் மளமளவென்று காய்ந்து மொறுமொறுத்துவிடும். எந்த நகரத்துக் காலநிலை நல்லது, எது கெட்டது என்று பேச்சு வரும்போது எல்லோரும் வெப்பநிலையைத்தான் முதலில் எடுப்பார்கள். அதற்கு முன்னர் துணி எவ்வளவு கெதியாகக் காய்கிறது என்று கேட்பது நல்லது. வெயில் நாட்டில் மனிதத் தோலும் கொடியில் கிடக்கும் ஈரத்துணிதான்.

சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். வேகமாக நடந்தால் அது 300 வாற்று வரை போகும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், வியர்வையை மட்டுமே நம்பியிருக்கும் வேளையில், உட்கார்ந்திருப்பவருக்கு மணிக்கு 150 மில்லிலீற்றரும் நடப்பவருக்கு 450 மில்லிலீற்றரும் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். நாடியிலிருந்து சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

வியர்வை ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான நீராவி அமுக்க வித்தியாசம். 35 பாகையில் நனைந்திருக்கும் தோலின் மேல் அந்த அமுக்கம் 56 மில்லிபார். கொழும்பில் 31 பாகை, சாரீரப்பதன் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு) 75 வீதம் என்றால் காற்றில் ஏற்கெனவே 34 மில்லிபார் இருக்கிறது. மிச்ச இடைவெளி 22. தில்லியில் 42 பாகை, 15 வீதம் என்றால் காற்றில் 12 மில்லிபார்தான், இடைவெளி 44. அதாவது உலர்த்தும் விசை இரட்டிப்பு. அதற்காகத் தில்லி சுகமான ஊர் ஆகிவிடாது. 42 பாகைக் காற்று தோலைவிடச் சூடானது என்பதால் அதுவே உடம்புக்குள் வெப்பத்தை ஏற்றும். வியர்ப்பதே தெரியாமல் காய்ந்துவிடுவதால் நீரிழப்பும் சத்தமில்லாமல் வரும். ஆனாலும் நிழலும் குடிதண்ணீரும் இருந்தால் அந்த வெயிலை ஓரளவு சமாளிக்கலாம். கொழும்புப் புழுக்கம் நிழலுக்குள்ளும் கூடவே வரும்.

ஆகவே ஊர்களை ஒப்பிட மிக நேர்மையான எண் பனிபடுநிலை. காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்குமோ அதுவே பனிபடுநிலை. சாரீரப்பதனை நம்பி ஏமாறக்கூடாது. விடியற்காலை 90 வீதம், நண்பகல் 70 வீதம் என்று அது ஆடும். காற்றிலுள்ள நீராவியின் அளவோ அவ்வளவாக மாறியிருக்காது. பனிபடுநிலை 16 பாகைக்குக் கீழே என்றால் உடம்பு இலேசாக இருக்கும். 20 வரை தாங்கலாம். 21 முதல் 23 வரை பிசுபிசுப்பு. 24 தாண்டினால் அவிச்சல். கொழும்பு ஏப்ரலிலும் மேயிலும் 24க்கும் 26க்கும் இடையில்தான் நிற்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்துக் காயவைத்த பளபளப்பான எவர்சில்வர் தம்ளரில் கால் லீற்றர் குழாய்த் தண்ணீரும் ஒரு வெப்பமானியும். ஐஸ்கட்டியை நொறுக்கிச் சிறு துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரையும்வரை கலக்குங்கள். வெளிப்புறம் மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு தண்ணீரைத் தானாகச் சூடேறவிட்டு, மங்கல் மறையும்போது மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரியே பனிபடுநிலை. முழுக்கட்டியை ஒரேயடியாகப் போட்டால் தண்ணீர் தேவைக்கு மேல் குளிர்ந்து அளவு பிழைக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் மூச்சுக்காற்றே தம்ளரை மங்கவைக்கும். கொழும்பில் 28 பாகைத் தண்ணீர் 24க்கு இறங்கப் பத்துக் கிராம் ஐஸ் போதும்.

இலங்கைக்குள்ளேயே எல்லா வகையும் உண்டு. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரி 6.5 பாகை குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கணக்குப் போட்டால் 12 பாகை குறைவு. கொழும்பின் 28இலிருந்து கழித்தால் 16. அவ்வூரின் ஆண்டுச் சராசரியும் அதுதான். அங்கேயும் மூடுபனியில் துணி காயாது, ஆனால் உடம்புக்கு வியர்வையின் உதவியே தேவைப்படாது. குளிர்ந்த காற்று நேரடியாக வெப்பத்தை எடுத்துவிடும். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஜூன், ஜூலையில் கச்சான் வீசும். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகி வறண்டு வருகிறது. 35 பாகை இருக்கும், சாரம் கெதியாகக் காயும். எங்கள் தீர்ப்பைக் கேட்டால், 1,200 மீற்றர் அளவிலுள்ள பண்டாரவளைதான் தீவின் மிகச் சுகமான நகரம். மிகக் கொடியது, திருகோணமலையின் ஜூலைப் பகல் அல்ல, கொழும்பின் ஏப்ரல் இரவு.

அந்த இரவுக்குக் காரணங்கள் பல. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே கடக்கிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் காற்றும் சோர்ந்திருக்கும். கொங்கிறீற்றுத் தட்டுக் கூரை மதியம் உறிஞ்சிய வெப்பம் அடிப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே மேல்மாடி அறை படுக்கப் போகும் நேரத்திலும் அனல் வீசும். காலி வீதிக்குக் கடற்பக்கம் சுவர்போல எழும்பிய மாடிகள் பின்னால் உள்ள ஒழுங்கைகளுக்குக் கடற்காற்றை விடுவதில்லை.

பரிகாரத்தில் முதலிடம் மின்விசிறிக்கே. அது அறையைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றுகிறது. நொடிக்கு ஒரு மீற்றர் காற்று ஏறத்தாழ 3 பாகை குறைந்ததுபோல உணரவைக்கும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் கொழும்பில் வாங்காதீர்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே அதனால் இறங்கவே முடியாது. தில்லியில் அது 22 பாகை, எனவே நல்ல பலன். இங்கே 27; மூன்று பாகை குறைத்துவிட்டு அறையை ஈரத்தால் நிரப்பும். ஏசியில் வரும் பிழை வேறு. 120 சதுர அடி அறைக்கு 9,000 பி.ரி.யு. (ஏசியின் குளிரூட்டும் வலுவின் அலகு) போதும். 18,000 பூட்டினால் அறை நிமிடங்களில் குளிர்ந்து கொம்பிரசர் நின்றுவிடும், ஈரத்தை வடிக்க நேரமிருக்காது. குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்த அறைதான் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது. டென்மார்க்கின் வெப்பச்சுக ஆய்வாளர் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட கணக்கின்படி, மிகச் சரியாக அமைத்த அறையிலும் 5 வீதம் பேருக்குத் திருப்தி இராது. 1998இல் டி டியர், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் சுவையானது: யன்னல் திறந்த கட்டடங்களில் மனிதர் விரும்பும் வெப்பநிலை வெளியிலுள்ள சராசரியோடு சேர்ந்து நகர்கிறது. சூத்திரம் 17.8 + 0.31 × வெளிச் சராசரி. 28 பாகைக் கொழும்பில் அது 26.5, 18 பாகை லண்டன் கோடையில் 23.4.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினருக்கு ஏப்ரலை விட ஜனவரியே நல்லது; வாடைக்காற்றில் இரவு 22 பாகை வரை இறங்கும். உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தித் தொடங்கும், அதில் உப்புக் குறையும். முழுநாளும் ஏசி அறைக்குள் இருந்தால் இந்தப் பழக்கம் வரவே வராது. காலையிலும் பின்னேரத்திலும் ஒவ்வொரு மணித்தியாலம் காலிமுகத்திடலில் நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, இரவுக்கு மட்டும் ஏசியை 26இல் விடுங்கள்.