சண்டைக்கு நடுவே சேவல் ஏன் தரையைக் கொத்துகிறது?

இரண்டு சேவல்கள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கின்றன. இதோ பாயப்போகிறது என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று குனிந்து, இரை பொறுக்குவதுபோலத் தரையைக் கொத்துகிறது. சண்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நெதர்லாந்தின் விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் இதே கூத்தை மீனிடம் பார்த்தார். முதுகில் மூன்று முள் கொண்ட சிறுமீன் அது. ஆண் மீன் தன் எல்லைக்குள் வருபவனைத் துரத்தும், அடுத்தவன் எல்லைக்குள் மாட்டிக்கொண்டால் ஓடிவிடும். சரி, இரண்டு எல்லைகளும் தொடும் இடத்தில்? தலைகீழாக நின்று, கூட்டுக்குக் குழி பறிப்பதுபோல மணலைத் தோண்டும்!

1940-இல் டின்பெர்கனும் அதே நாட்டின் கோர்ட்லாண்டும் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்தார்கள்: வெளியேற வழியில்லாத உந்துதல் வேறு பக்கம் பொங்கி வழிகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நரம்புக்குள் அப்படித் தேங்கி வழிய எதுவும் இல்லை.

பிறகு வந்த விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இறகு கோதுவது, சொறிவது போன்ற சில்லறை வேலைகளுக்கான தூண்டுதல் உடலில் எப்போதும் இருக்கிறது. தாக்கும் வேகமோ தப்பிக்கும் அச்சமோ தனியாக ஓங்கினால் அவற்றை அடக்கிவைக்கும். இரண்டும் சரிசமமாக மோதும்போது ஒன்றையொன்று முடக்கிக்கொள்கின்றன. அடங்கிக் கிடந்தது தலைதூக்குகிறது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! இதற்குச் சான்றும் உண்டு. சாஃபிஞ்ச் பறவைகளின் இறகை நனைத்துவிட்டுக் குழப்பத்தில் நிறுத்தினால் கூடுதலாக இறகு கோதின. அலகில் பிசுபிசுப்பானதைத் தடவினால் அலகைத் துடைத்தன.

வேலைக்கான நேர்காணலில் “சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டதும் ஒருவரின் கை காதுமடலுக்குப் போகிறதே, அதுவும் இந்த வகைதான். கூடுதலாகக் கேட்க ஆசை, வேலை கைநழுவுமோ என்ற பயம். மூக்கைத் தொட்டால் பொய் என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். உள்ளே இழுபறி நடக்கலாம், அவ்வளவுதான். வெறும் கொசுக்கடியாகவும் இருக்கலாம்.

மக்காக் குரங்குகளுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தபோது சொறிவது குறைந்தது. பதற்றத்தைக் கூட்டும் மருந்து கொடுத்தால் அதிகமானது. குரங்கிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால் அது எத்தனை தடவை சொறிகிறது என்பதை வைத்தே அதன் பதற்றத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.