வாரங்கல் தோரணத்தின் உத்திரம் ஏன் ஒடியவில்லை?

தெலங்கானாவின் அரசு முத்திரையை மாற்றும் பேச்சு 2024இல் கிளம்பியபோது, அதில் சார்மினாரோடு சேர்ந்து நிற்கும் வாரங்கல் கல் தோரணமும் செய்திக்கு வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு வாசகர் எழுதிக் கேட்டார்: “உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. அவ்வளவு பெரிய கல் 700 வருஷமா அந்தரத்துல குறுக்கே கிடக்குது. ஏன் சார் ஒடியல?”

நல்ல கேள்வி. முத்திரையில் யார் எதை வைக்க வேண்டும் என்ற சண்டையை விட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காகதீயர் தலைநகரான ஓருகல்லு என்னும் வாரங்கலில், கோட்டையின் நடுவே சுயம்பு சிவன் கோயில் இருந்தது. அதன் நான்கு திசைகளிலும் நான்கு தோரண வாயில்கள். காகதீய அரசர் கணபதி தேவர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை, ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். கோயில் போய்விட்டது, வாயில்கள் நிற்கின்றன.

இப்போது கல்லுக்கு வருவோம். கருங்கல்லை நசுக்குவது மகா கஷ்டம். ஆனால் இழுத்தால், நசுக்கத் தேவைப்படும் விசையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும், பிய்ந்துவிடும். சாக்பீஸும் இப்படித்தான்: இரு முனைகளையும் அழுத்தினால் தாங்கும், லேசாக வளைத்தால் படக்கென்று இரண்டாகும். வளைவு என்பதே ஒரு பக்கம் அழுத்தம், மறு பக்கம் இழுவை. இரண்டு தூண்களின் மேல் கிடக்கும் உத்திரம் தன் எடையிலேயே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, தொய்கிறது. அதன் மேல் முகம் நெருக்கப்படுகிறது, அடி முகம் இழுபடுகிறது. அடி முகத்தின் நட்ட நடுவில் இழுவை உச்சம். அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போதும். இழுவை முழுவதும் விரிசலின் நுனியில் குவிந்து அதை மேலே மேலே கிழிக்கும். இரும்பாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்துச் சமாளிக்கும். கல்லுக்கு அந்த விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது.

கலிலியோ 1638இல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். குறுக்குவெட்டுக்குள் அழுத்தமும் இழுவையும் எப்படிப் பிரிகின்றன என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். ஆனாலும், பெரிதாகப் பெரிதாக உத்திரம் தன் எடைக்கே தோற்கும் என்ற முடிவு சரி. நம் கணக்குக்கு அதில் ஒரு துளி போதும்: தன் எடையால் வரும் இழுவை, தூண்களுக்கு இடையேயான நீளத்தின் இருமடியாக ஏறும். நீளம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு.

இதைத் திருப்பிப் படியுங்கள். நீளத்தைக் கொஞ்சம் குறைத்தாலே இழுவை நிறையக் குறையும். தூணின் தலையில் போதிகை வைப்பதன் காரணம் இதுதான். தூணிலிருந்து சாய்வாக எழும்பி உத்திரத்தை முன்கூட்டியே ஏந்திக்கொள்ளும் கல் அது. தூண்களுக்கு நடுவே 3 மீட்டர் இருந்து, இரு பக்கப் போதிகைகளும் அரை அரை மீட்டர் நீண்டால், உத்திரம் அந்தரத்தில் கிடப்பது 2 மீட்டர்தான். இழுவையோ ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது பாதிக்கும் கீழே. உத்திரத்தைத் தடிமனாக்கி இதே பலனைப் பெற வேண்டுமானால் இரண்டே கால் மடங்கு தடிமன் வேண்டும். அந்தக் கல்லை எப்படி மேலே ஏற்றுவது?

ஆனால் ஒரு சிக்கல். சாய்ந்து நிற்கும் போதிகை, தான் வாங்கிய சுமையால் தூணைப் பக்கவாட்டில் தள்ளும். அடுக்கி நிறுத்திய கல்தூணுக்குப் பக்கத் தள்ளல் ஆகாது. வாரங்கல் தோரணத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். உத்திரம் தூண்களோடு நின்றுவிடவில்லை, வெளியேயும் நீண்டு போகிறது. தூணின் வெளிப்பக்கத்திலும் போதிகை. உட்பக்கப் போதிகை தூணை வெளியே தள்ள, வெளிப்பக்கப் போதிகை உள்ளே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, மிச்சமெல்லாம் நேர் கீழே இறங்கும் அழுத்தம். அதுதான் கல்லுக்குப் பிடித்த வேலை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வெளி நீட்டம்தான். தூணுக்கு வெளியே தொங்கும் பகுதி கீழே இறங்கப் பார்க்கும்போது, தூணை ஊன்றுகோலாகக் கொண்டு நடுப்பகுதியை மேலே நெம்புகிறது. நீட்டம் இடைவெளியின் கால் பங்கு இருந்தால், நடுவில் வரும் வளைவு கால் பங்கு குறைகிறது. அந்த நுனிகளில் எதையாவது செதுக்கி ஏற்றினால் இன்னும் குறையும். அலங்காரம் என்று நாம் பார்ப்பது உத்திரத்துக்கு ஒத்தாசை. இந்தச் சமன்பாடுகளை எழுதாமலேயே அந்தச் சிற்பிகள் இதை எப்படிப் பிடித்தார்கள்? ஒடிந்த உத்திரங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். மந்திர சக்தி, காந்தக் கல், இழந்துபோன ரகசிய விஞ்ஞானம் என்று காணொளி போடுகிறவர்கள் அந்தக் கைகளின் உழைப்பை மதிக்கவில்லை, மறைக்கிறார்கள்.

1323இல் தில்லி சுல்தானின் படை, பின்னாளில் முகமது பின் துக்ளக் ஆன உலுக் கான் தலைமையில் ஓருகல்லுவைப் பிடித்தது. ஊர் சுல்தான்பூர் ஆனது, கோயில் இடிந்தது. தோரணங்கள் ஏன் தப்பின? தெய்வ உருவம் இல்லை, தாமரை மொட்டு, மாலை, யாளி, பறவை மட்டும்தான், அதனால் விட்டார்கள் என்பது வழக்கமான பதில். அது பாதிக் கதைதான். அதே இடத்தில் எழுந்த பெரிய மசூதியின் வளாகத்துக்கு இந்த வாயில்கள் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளப்பட்டன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுவே நம்பும்படி இருக்கிறது. புதிதாக வந்த அரசுக்கும் ஒரு கம்பீரமான வாசல் தேவைப்பட்டிருக்கும்.

இன்று இந்தத் தோரணங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சட்டம் அக்கம்பக்கத்துக் கட்டடங்களைத் தடுக்கும், விரிசலைத் தடுக்காது. நம் நாட்டில் பழஞ்சின்னங்களுக்கு வண்ண விளக்குப் போடக் கிடைக்கும் பணம், உள்ளே என்ன நடக்கிறது என்று அளக்கக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மீயொலியை, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை, கல்லுக்குள் அனுப்பி, அது கடக்கும் நேரத்தை வைத்து உள்விரிசலைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை லேசர் வருடல் (ஸ்கேன்) எடுத்தால் தூண் சில மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் தெரியும். அதற்கும் காசில்லை என்றால் பழைய முறை ஒன்று உண்டு: விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி குறித்துவைப்பது. சில்லு உடைந்தால் விரிசல் நகர்ந்திருக்கிறது.