இதயத்துக்குள் புகுந்த காற்று

குடத்துத் தண்ணீரைக் கொட்டினால் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். வால்வு மாற்ற இதயத்தைத் திறக்கும்போதும் அதேதான். 1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைத் தற்காலிகமாக ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து அதன் உட்சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தார். அந்தக் காலம் தொட்டே இருக்கும் தலைவலி இது. புது வால்வைத் தைத்து, கீறலை மூடிய பின்னும் இடது அறைகளின் மூலைமுடுக்குகளிலும் நுரையீரல் சிரைகளிலும் காற்று பதுங்கியிருக்கும். அதை விட்டுவிட்டு இதயத்தைத் துடிக்க வைத்தால், குமிழ்கள் பெருந்தமனி வழியாக மூளைக்குப் போய்விடும். பக்கவாதம், வலிப்பு, மயக்கம் தெளியத் தாமதம் எல்லாம் அதனால் வரலாம்.

காற்றைக் குறைக்கும் வேலை இதயம் திறந்திருக்கும்போதே நடக்கிறது. மெல்லிய குழாய் வழியாக மார்புக்குழிக்குள் கார்பன் டைஆக்சைடை விடுகிறார்கள். காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால், அது குழிக்குள் தேங்கிக் காற்றை மேலே தள்ளும். நைட்ரஜனைவிட 20 மடங்குக்கும் மேல் கரையக்கூடியது என்பதால், மிஞ்சும் குமிழும் ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். இவ்வளவு எளிய இயற்பியல் மூளையைக் காப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கடைசித் தையலை இறுக்குமுன் மூன்று பேர் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு இயங்க வேண்டும். இதய-நுரையீரல் இயந்திரத்தின் பம்ப்பை இயக்குபவர், உடலிலிருந்து இயந்திரத்துக்கு வடியும் ரத்தத்தைக் குறைத்து இதயத்தை நிரப்புவார். மயக்க மருத்துவர் நுரையீரலை ஊதுவார். சிரைகளில் பதுங்கிய காற்று பிதுங்கி வரும். அறுவை மருத்துவர் இதயத்தை மெல்லக் குலுக்கி, பெருந்தமனியின் தொடக்கத்தில் செருகிய ஊசி வழியாக அதை உறிஞ்சி எடுப்பார். நோயாளியின் தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும். உணவுக்குழாயில் இறக்கிய, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியின் திரையில் குமிழ்கள் வெள்ளைப் பொட்டுகளாக மின்னும். அவை அடங்கும்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

அப்படியும் ஒன்று தப்பலாம். மல்லாந்து படுத்திருப்பவருக்கு இதயத்தசைக்கு ரத்தம் தரும் வலது இதயத்தமனியின் வாய் மேற்பக்கமாக இருப்பதால், மிதக்கும் காற்று அதில் எளிதாக நுழைந்துவிடும். வலது கீழறை திடீரெனப் புடைத்துச் சோரும், ஈசிஜி மாறும். தையலில்தான் கோளாறோ என்று பதறத் தோன்றும் நேரம் அது. ரத்த அழுத்தத்தை உயர்த்தி, இயந்திரத்தின் துணையில் இதயத்தைச் சில நிமிடம் விட்டுவைத்தால் குமிழ் பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

நான் அதிகம் அஞ்சும் தவறு வேறு. இதயத்துக்குள் சேரும் ரத்தத்தையும் காற்றையும் உறிஞ்சும் குழாயைப் பம்ப்பில் தலைகீழாக மாட்டிவிட்டால், அது காற்றை இதயத்துக்குள்ளேயே செலுத்தும். எனவே இதயத்தில் வைக்குமுன் குழாயின் முனையை ஒரு கிண்ணம் உப்புநீரில் முக்கி, நீர் இறங்குகிறதா, குமிழ் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். சில விநாடி வேலை. எத்தனை அவசர அறுவையானாலும் இதை விடக் கூடாது. குமிழ் கிளம்பினால் பம்ப்பை நிறுத்தி, குழாயைச் சரியாக மாட்டி, மறுபடியும் முக்கிப் பார்க்க வேண்டும்.