டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்: மாற்றுத்திறனாளி சான்று எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோயான டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் அதில் இல்லை. வலிப்பும் இல்லை. இந்த நோயுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது வலிப்பு வருகிறது. ஆனாலும் வலிப்பு மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சான்று தரும் மருத்துவக் குழுவிடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். நோயால் என்ன பாதிப்பு, எத்தனை சதவீதம் என்பதைத்தான் குழு பார்க்கும்.

பட்டியலில் உள்ள இரண்டு பாதிப்புகள் இந்த நோயில் மிகுதி. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. ஆட்டிசமும் கிட்டத்தட்ட அதே அளவில் காணப்படுகிறது. கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். மருத்துவமனை அறிக்கையில் "வளர்ச்சித் தாமதம், வலிப்பு" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். கண்ணைப் பார்க்காதது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் வளர்ச்சித் தாமதக் கணக்கிலேயே போய்விடும். ஆட்டிசத்துக்குத் தனி மதிப்பீடு வேண்டும் என்று பெற்றோர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பயன்படுவது ஐசா (ISAA) என்ற இந்திய ஆட்டிச அளவுகோல். மதிப்பெண் 70ஐத் தொட்டால் ஆட்டிசம்.

அறிவுசார் குறைபாட்டுக்கு ஐக்யூ சோதனையோடு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலும் உண்டு. அரசின் வழிகாட்டுதலின்படி வைன்லேண்ட் மதிப்பெண் 55–69 என்றால் 50 சதவீதம். 36–54 என்றால் 75. 21–35 என்றால் 90. இரண்டு குறைபாடு இருந்தால் அப்படியே கூட்டிவிட மாட்டார்கள். பெரிய சதவீதம் அ, சிறியது ஆ என்றால், அ + ஆ × (90 – அ) ÷ 90. அறிவுசார் குறைபாடு 75, ஆட்டிசம் 60 என்று வைத்துக்கொண்டால், 60ஐ 15ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 10, மொத்தம் 85.

அந்தப் பத்து சதவீதத்துக்குப் பணமதிப்பு உண்டு. வருமான வரிச் சட்டத்தில் (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு), பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்குக் கழிவு 75,000 ரூபாய். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

மதிப்பீட்டு நாளில் கவனம் தேவை. முந்தின இரவு வலிப்பு வந்திருந்தாலோ, புது மருந்தில் குழந்தை தூங்கி வழிந்தாலோ தேதியை மாற்றிக் கேளுங்கள். அன்றைய மதிப்பெண்ணை நம்ப முடியாது. குணம் திடீரென்று மாறி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். மூளையில் கட்டி வளர்ந்து மூளை நீரின் ஓட்டத்தை அடைத்திருக்கலாம், சான்று காத்திருக்கட்டும்.

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் தனித்துவ அடையாள அட்டை வரும். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றுதான். காலாவதி தேதியைக் குறித்துவையுங்கள். சதவீதம் குறைவு என்று தோன்றினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ள மாட்டார்கள். ஆனால் சான்றில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு இவற்றில் ஒன்று இருந்தாக வேண்டும்.

சிறுநீரகக் கட்டிக்கு இந்தச் சான்று உதவாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. குறிப்பிட்ட சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அறிவுத்திறன் இயல்பாக இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். கவனக்குறைவு–மிகைச் செயல்பாடு பட்டியலில் இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. உறுதியானால் தேர்வுச் சலுகை கேட்கலாம். கடுமையான மனச்சோர்வு, பதற்றம் என்றால் மனநோய்ப் பிரிவில் ஐடியாஸ் அளவுகோலால் மதிப்பிடச் சொல்லலாம்.

18 வயது முடிந்ததும் பெற்றோர் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கியில் பெற்றோரின் கையெழுத்து செல்லாமல் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.